தலைவர் இல்லாத பதினான்கு மாடிகள்: மோர்னிங்சைட்டிலிருந்து சென் ஜேம்ஸ் ரவுணுக்கு

இந்த வலைப்பதிவை வழக்கமாக வாசிப்பவர்களுக்கு என் கொள்கை தெரியும். பத்து டொலருக்குள் போய்வரக்கூடிய இடத்துக்கு மட்டும் போவேன். போன இடத்தில் ஒரு குறும்பாவது செய்யாமல் திரும்பமாட்டேன். இந்தப் பயணம் என் பங்குக்கு நாலு டொலர் எழுபது சதத்தில் முடிந்தது. குறும்பும் ஒன்று செய்தேன். இரண்டைப் பற்றியும் சந்தோஷமாக எழுத வரவில்லை.

போனது சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கூடத்துக்குப் பல் வைத்தியம் என்று சொல்லியிருந்தேன். (அம்மா, இதை நீங்கள் வாசித்தால், இது வேறு ஒரு ஷாமினி.) காரணம் எங்கள் கட்டடத்தின் சாப்பாட்டு அறை.

நாங்கள் இருப்பது ரொறன்ரோவின் கிழக்கே மோர்னிங்சைட்டில், பதினான்கு மாடிக் கட்டடம். கொரோனா தொடங்கிய வசந்தத்தில் ஆறாம் மாடி நிர்மலா அன்ரியின் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பவில்லை. அன்ரி பதினான்கு நாள் கதவுக்கு உள்ளே. நாளுக்கு ஒரு மாடி என்று முறை வைத்து அவருடைய வாசலில் சாப்பாடு வைத்தார்கள். பதினைந்தாம் நாள் கதவைத் திறந்தவர், தன்னைப் போல அடைபட்டுக் கிடந்தவர்களுக்குச் சமைக்கத் தொடங்கினார். கீழே சைக்கிள் விடும் அறையை மனேஜர் இலவசமாகத் தந்தார். இரண்டு பிரீசர் வந்தது. நோய் போனாலும் தனியாக இருப்பவர்கள் போய்விடவில்லை. சென்ற மாதம் வரை சனிக்கிழமை தோறும் இருபத்தாறு பார்சல் போனது. மன்னார்க் கத்தோலிக்கரும் மட்டக்களப்புச் சைவரும் ஒரே சட்டியைச் சுரண்டியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சென்ற மாதத் தொடக்கத்தில், அந்த அறைக்கு மாதம் நானூற்றைம்பது டொலர் வாடகை கேட்டார்கள். தராவிட்டால் மாத முடிவில் சாவியைக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அதே நேரம், மத்திய அரசு கொரோனா நிவாரணத்துக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சம் இருந்த ஒரு பகுதியை ஒரு குடை அமைப்பு சிறு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டோம். குடை அமைப்பு என்றால் அரசிடம் பதிவு செய்த பெரிய அமைப்பு. எங்களைப் போலப் பதிவில்லாத சில்லறைகள் அதன் கீழே ஒதுங்கலாம். நாங்கள் கேட்டது ஒரு வருட வாடகை, ஐயாயிரத்து நானூறு.

பணத்தைப் பிரிக்கும் கூட்டத்துக்குப் போகக் காலை 8.25க்கு பஸ். நான், நிர்மலா அன்ரி, இரண்டாம் மாடி தேவன் அங்கிள். அன்ரி மன்னார்க் கத்தோலிக்கர். அங்கிள் மட்டக்களப்பு, பேக்கரியில் இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் நேரே வந்திருந்தார். அன்ரியின் மடியில் கூட்டத்துக்கு வருபவர்களுக்காக நாற்பது மட்டன் ரோல்ஸ். பஸ் முழுக்க மணந்தது. முன் சீற்றில் இருந்தவர் மூன்று தரம் திரும்பிப் பார்த்தார், நாலாவது தரம் பெருமூச்சு விட்டார்.

கட்டணம்: பெரியவர்களுக்கு 3.30, எனக்கு 2.35, மூவருக்கும் 8.95. இரண்டு மணி நேரத்துக்குள் அதே அட்டையில் சப்வேக்கு மாறலாம். கெனடி நிலையத்துக்கு 9.05க்கு வந்தோம். அங்கிருந்து ஷேர்போர்ன் பன்னிரண்டாவது நிறுத்தம். கடைசிப் பெட்டியில் ஏறுங்கள். இறங்கினால் கிளென் றோட் வாசல் கிட்ட, அங்கிருந்து சென் ஜேம்ஸ் ரவுண் ஐந்து நிமிட நடை. புரோட்வியூ தாண்டியதும் ரயில் பள்ளத்தாக்குக்கு மேலே பாலத்தில் ஓடும். சாளரப் பக்கம் இருந்தால் அரை நிமிடத்துக்கு ரொறன்ரோ காடு மாதிரி இருக்கும். நான் காட்டினேன். இருவரும் பார்க்கவில்லை. யார் பேசுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க கதையுங்கோ, அண்ணை."

"இல்ல, நீங்கதான் தொடங்கினது. நீங்க கதைச்சாத்தான் சரி."

"ஐயோ, நான் கதைச்சா எட்டாம் மாடியில வேறமாதிரிச் சொல்லுவினம்."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் குழுவுக்குப் பெயர் கிடையாது. தலைவர் கிடையாது. செயலாளர், பொருளாளர், பொன்னாடை, வருடாந்த இராப்போசனம் எதுவும் கிடையாது. மறதியால் அல்ல, வேண்டாம் என்று முதல் வாரமே தீர்மானித்தார்கள். தேவன் அங்கிள் முன்பு ஓர் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். ஒரு முடிவை ஒருவரையும் கேட்காமல் எடுத்தார். சங்கம் இரண்டாக உடைந்து, உடைந்த இரண்டும் நாலாகி, உயிரியல் பாடத்தில் செல் பிரிகிற மாதிரிப் பிரிந்தது. நாலில் ஒன்றுக்கு அவருடைய சொந்தத் தம்பி தலைவர். ஏழு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. அதனால் எங்கள் அறைக்கு ஒரே விதி: எதுவானாலும் சனிக்கிழமை பதினான்கு மாடியையும் கேட்டுத்தான். மீன் குழம்பா, கோழிக் குழம்பா என்பதுகூட. இத்தனை வருடத்தில் ஒரு சண்டை இல்லை. நான் லிப்டில் "இந்த லிப்ட் இன்று விரதம், ஏற வேண்டாம்" என்று ஒட்டியபோது மட்டும் கொஞ்சம் சண்டை.

9.34க்கு ஷேர்போர்ன். கூட்டம் 10.30க்கு, ஓர் உயர் கட்டடத்தின் கீழ்த்தள மண்டபத்தில். ஒன்பது குழுக்கள். பதிவு செய்த ஆறு குழுக்களுக்கு நடுவில் மேசை, மேசையில் பெயர்ப்பலகை, தண்ணீர்ப் போத்தல். பதிவில்லாத மூன்று குழுக்களுக்குச் சுவர் ஓரமாகக் கதிரை. எங்களுக்கு ஒட்டியிருந்த காகிதத்தில் பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நான் அதில் "நாங்களும்தான்" என்று எழுதி வைத்தேன். அன்றைக்கு என்னுடைய நகைச்சுவை அதோடு சரி.

கூட்டத்தை நடத்தியவர் கரன் அண்ணா. இங்கே பிறந்தவர், முப்பது வயது இருக்கும். குடை அமைப்பு என்றால் குடைந்து குடைந்து கேட்பார்கள் என்று நினைத்துப் போனேன். இவர் அப்படி இல்லை. நல்லவர். அதுதான் இன்னும் கஷ்டம். கோபப்படுவதற்குக்கூட ஆள் இல்லை.

"சோ, இது பெடரல் காசு. ஒவ்வொரு சதத்துக்கும் ஆர் பொறுப்பு எண்டு நாங்க காட்டோணும். பதிவு இல்லாத குறூப்புக்கு ரெண்டு கண்டிஷன். ஒண்டு, பதிவு செய்த குறூப் ஒண்டு உங்கட காசை வச்சிருந்து தரோணும். ரெண்டு, உங்கட தலைவர் இண்டைக்கு ஒரு மணிக்கு முன்னம் சைன் பண்ணோணும். அவ்வளவுதான்."

முதலாவது இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அஜின்கோர்ட்டில் இருந்து வந்திருந்த முதியோர் சங்கத் தலைவர், கழுத்துப்பட்டி கட்டியவர், தானாகவே எழும்பினார். "உவையின்ர காசை நாங்கள் வச்சிருக்கிறம். உவையின்ர சாப்பாடு எங்கட ஆக்கள் ரெண்டு பேருக்கும் போனது," என்றார். அன்ரியின் கண் கலங்கிவிட்டது.

இரண்டாவது மிச்சம்.

"சரி, ஆர் உங்கட தலைவர்?" என்றார் கரன் அண்ணா.

அன்ரி அங்கிளைப் பார்த்தார். அங்கிள் அன்ரியைப் பார்த்தார். இருவரும் மரியாதையாகக் கையை நீட்டி மற்றவரைக் காட்டினார்கள்.

"எங்களுக்குத் தலைவர் எண்டு ஒருத்தரும் இல்லைத் தம்பி," என்றார் அன்ரி. "எல்லாரும்தான்."

"அது விளங்குது அன்ரி. ஆனா போர்மில ஒரு பேர்தான் போடலாம்."

"கொரோனாவுக்க சாப்பாடு குடுக்கேக்க ஒருத்தரும் போர்ம் கேக்கேல்லையே."

"ஓம் அன்ரி. நீங்க செய்தது எனக்குத் தெரியும். ஆனா எனக்கு மேலயும் ஆக்கள் இருக்கினம்." அவர் தேவன் அங்கிளிடம் பேனையை நீட்டினார். "அங்கிள், நீங்க சைன் பண்ணுங்கோ. சும்மா பேருக்குத்தான்."

பேருக்குத்தான். அங்கிளுக்கு அது எவ்வளவு பெரிய சொல் என்று கரன் அண்ணாவுக்குத் தெரியாது. அங்கிள் பேனையை வாங்கினார். மூடியைத் திறந்தார். திரும்ப மூடினார்.

"சனிக்கிழமை கேட்டுச் சொல்லுறம் தம்பி. ரெண்டு நாள்தானே."

"ஒரு மணிக்கு லிஸ்ட் போகுது அங்கிள்."

நேரம் 11.40. அன்ரி வெளியே போய் மாடி மாடியாக போன் எடுத்தார். வியாழக்கிழமை மத்தியானம், எல்லாரும் வேலையில். தொழிற்சாலையில் போன் வைத்திருக்க விடமாட்டார்கள். பதினான்கில் ஐந்து மாடிதான் கிடைத்தது. ஐந்தும் ஓம் என்றது. "மிச்ச ஒன்பது மாடியையும் கேக்காமல் எப்பிடி?" என்றார் அன்ரி. நான் கெஞ்சினேன். நீங்கள் போடுங்கோ அன்ரி, ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டினம் என்றேன்.

"நான் போட்டால் வேதக்காரர் பிடிச்சிட்டினம் எண்டுவினம். அவர் போட்டால் மட்டக்களப்பார் பிடிச்சிட்டினம் எண்டுவினம். அறை போனாலும் பரவாயில்லைப் பிள்ளை. ஆக்கள் பிரியக்கூடாது."

அப்போதுதான் எங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டார்கள். அதே சென் ஜேம்ஸ் ரவுண் கட்டடத்தில் முகக்கவசம் தைத்த தாய்மார் குழு. தலைவர் யார் என்றதும், "நான்தான்," என்று எழும்பிப்போய்க் கையெழுத்து வைத்தார். திரும்பி வந்து இருந்தபோது, எப்போது தலைவர் ஆனீர்கள் என்று கேட்டேன்.

"காலமை லிப்டில இறங்கேக்க," என்றார். "மூண்டு பேர் இருந்தம். எனக்குத்தான் இண்டைக்கு வேலை இல்லை."

இனி என் குறும்பு. 12.50க்கு நான் எழும்பி நடு மேசைக்குப் போய், "நான்தான் தலைவர். வெட்கத்தில் சொல்லவில்லை," என்றேன். கரன் அண்ணா என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. போர்மை என் பக்கம் தள்ளினார். பெயர் எழுதினேன். முகவரி எழுதினேன். அடுத்த பெட்டி பிறந்த திகதி.

"ஷாமினி, உங்களுக்கு எத்தினை வயசு?"

"பதினேழு. பதினெட்டாக எட்டு மாதம்தான் இருக்கு."

"சொறி, பதினெட்டு முடிஞ்சிருக்கோணும்," என்றார். உண்மையாகத்தான் சொன்னார். எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறேன். மனேஜரின் குரலில் போன் எடுத்துத் தண்ணீர்க் குழாய் திருத்தவே வைத்திருக்கிறேன். தேவையான ஒரே நாளில் பிறந்த திகதியில் பொய் எழுதத் தோன்றவில்லை. கை தானாக உண்மையை எழுதிவிட்டது.

ஒரு மணிக்கு வெண்பலகையில் எங்களுக்கு இருந்த இடத்தை அழித்தார்கள். எங்கள் பங்கை மற்ற எட்டுக்கும் சமமாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அறுநூற்று எழுபத்தைந்து கூடியது. நியாயமாகத்தான் பிரித்தார்கள், ஒருவருக்கும் ஒரு டொலர் கூடவோ குறையவோ இல்லை. அஜின்கோர்ட் தலைவர் மட்டும், "உது சரியில்லை," என்று இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொல்ல முதல் கூட்டம் கலைந்துவிட்டது. பிறகு எல்லாரும் ரோல்ஸ் சாப்பிட்டார்கள். நல்ல ருசி என்றார்கள், எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். எங்களுக்கு நிவாரணம் வரவில்லை. காரணம் மட்டும் வந்தது, ஆங்கிலத்தில், ஒரு பக்கத்தில்.

திரும்பி வர மறுபடி 8.95. ரயிலில் அங்கிள் நித்திரை ஆகிவிட்டார். கெனடியில் எழுப்பினேன். "புள்ள, நான் போட்டிருக்கோணும் என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

சனிக்கிழமை பதினான்கு மாடியும் அந்த அறையில் கூடியது. தேவன் அங்கிள் தலைவராக இருக்கலாமா என்று கேட்டார்கள். எல்லாரும் ஓம். எட்டாம் மாடியும் ஓம். பதினொரு நிமிடம்தான் எடுத்தது. நான் அங்கிருந்தே கரன் அண்ணாவுக்கு ஈமெயில் போட்டேன். திங்கட்கிழமை பதில் வந்தது. காசு வெள்ளிக்கிழமையே போய்விட்டது.

உங்கள் கட்டடத்திலும் பதிவில்லாத குழு இருந்தால், நீங்களும் இப்படி ஒரு கூட்டத்துக்குக் கிளம்பினால், தயவுசெய்து இதைக் கேளுங்கள். போக முதலே ஒரு தலைவரைத் தேர்ந்தெடுங்கள். பிடிக்காதவரானாலும் பரவாயில்லை, பிறகு திட்டலாம். பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட இருவர் தங்கள் அடையாள அட்டையோடு போங்கள். மற்றவர்களின் சம்மதத்தை ஒரு காகிதத்தில் கையெழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றுமே இல்லாமல் கிளம்பிவிட்டீர்களா? கெனடிக்கும் ஷேர்போர்னுக்கும் இடையில் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது, தாராளம். ரோல்ஸைக் கூட்டம் முடிய முதல் வெளியே எடுக்காதீர்கள். சண்டை பிடிக்காமல் இருப்பதற்காக நாங்கள் கண்டுபிடித்த வழி நல்ல வழி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அந்த வழிக்குப் போர்மில் பெட்டி இல்லை.

மாதக் கடைசி நாள் பிரீசர்களை வெளியேற்றிவிட்டு, நிர்மலா அன்ரி அறையைக் கூட்டித் துடைத்தார். மனேஜர் சாவியை வாங்கிக்கொண்டு ஒரு துண்டை நீட்டினார்: குழுவின் சார்பில் ஒப்படைப்பவர் கையொப்பம். அன்ரி பேனையை வாங்கி உடனே கையெழுத்து வைத்தார்.

"அன்ரி, ஆரையும் கேக்காமல் போட்டிட்டியள்?" என்றேன்.

"மூடுறதுக்கு ஆரைப் பிள்ளை கேக்கிறது?" என்றார்.