நல்லாத்தான் இருக்கோம்

எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் தோர்கிரிம், மலையில் மாட்டிக்கொள்பவர்களை மீட்கும் குழுவிலும் இருக்கிறான். ஆளை மீட்பதைவிட, மீட்ட கதையை நடித்துக் காட்டுவதில்தான் அவனுக்கு ருசி. தலைநகர் ஒஸ்லோவிலிருந்து வந்த விபேக்கே போன கோடையில் மூடுபனியில் வழி தவறியபோது இவன்தான் இறக்கிக்கொண்டு வந்தான். அன்று மாலையே கடை வாசலில் நின்று அவளைப்போல் மூக்கை உறிஞ்சி அழுது காட்டினான். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். விபேக்கே பிறகு எங்கள் ஊர் மருந்துக்கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். அந்தச் சிரிப்பு அவள் காதுக்கும் போயிருந்தது.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோர்கிரிம், ஐந்து வயது மகள் ரக்னாவை அழைத்துக்கொண்டு மலையேறினான். பாறைகளில் சிவப்புச் சாயத்தில் வழிக்குறி இருக்கும். "அதெல்லாம் பட்டணத்துக்காரங்களுக்கு" என்று சதுப்பின் குறுக்கே இறங்கினான். கால் பிசகியது. மகள் சேற்றுநீரில் விழுந்து இடுப்புவரை நனைந்தாள். மாற்று உடுப்பா? இந்தச் சின்ன மலைக்கு எதற்கென்று வீட்டிலேயே விட்டு வந்திருந்தான் மகராசன். தவழ்ந்து பாதையோரம் வந்தவனால் அதற்குமேல் எழ முடியவில்லை.

சட்டைப்பையில் ஃபோன் இருந்தது. கூப்பிட்டால் குழு வந்துவிடும். ஆனால் வருவது அவன் கூட்டாளிகள் ஆயிற்றே! வெட்கம் பிடுங்கித் தின்றது. கூப்பிடவில்லை.

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரன் முகத்தைக்கூடப் பார்க்காத நாங்கள், மலையில் எதிர்ப்படும் எவரையும் விசாரிக்காமல் போகமாட்டோம். ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள்.

"ஹை ஹை! எல்லாம் சௌக்கியமா?"

"நல்லாத்தான் இருக்கோம்! ஆரஞ்சு சாப்பிடறோம்!" தோர்கிரிம் பழத்தைத் தூக்கிக் காட்டினான்.

"அப்பா, குளிருது..."

"ஷ்ஷ், இவங்க போகட்டும்டா கண்ணு."

போய்விட்டார்கள். ரக்னாவின் விறைத்த விரல்களில் சுளை நிற்காமல் கீழே விழுந்தது. அப்போதும் அவன் ஃபோனை எடுக்கவில்லை. இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்து வந்தவள் விபேக்கே. அவளிடமும் ஆரஞ்சுக் கதையைத் தொடங்கினான். அவள் காதிலேயே வாங்கவில்லை. குழந்தையை மடியில் போட்டு, ஈரக் காலுறைகளை உருவி, பாதங்களைத் தன் கம்பளிச் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

"ஃபோன் இல்லையா?"

"இருக்கு."

நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "இருக்கா? அப்ப கூப்பிடுங்க."

கூப்பிட்டான்.

குழு வந்தது. ஒருவரும் கேலி செய்யவில்லை. "விடுடா, யாருக்கும் நடக்கறதுதானே" என்று குழுத்தலைவன் ஓட்வார் தோளைத் தட்டியபோது தோர்கிரிமுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான்.

ஓட்வார் ரக்னாவின் முன் மண்டியிட்டான். "குட்டிம்மா, ரொம்பக் குளிருதா?"

உதடு நீலம் பாரித்திருந்த குழந்தை, விபேக்கேயின் மடியிலிருந்து தகப்பனைத் திரும்பிப் பார்த்தது.

"சொல்லலாமாப்பா?"