பசையில்லாத திரை

பசைக்காரரின் மகள் வேலைக்காக வெளிநாடு கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. விமானம் பிடிக்க அவள் ஏறிய ரயில் நகரும்போது அவர் வலக்கண்ணில் கீழிருந்து கருப்பாக ஏதோ ஏறியது. அழுகை என்று துடைத்தார், போகவில்லை. சொன்னால் அடுத்த நிலையத்திலேயே இறங்கிவிடுவாள். கையை மட்டும் ஆட்டினார்.

முப்பது வருடமாகச் சுவருக்குத் தாள் ஒட்டுகிறவர். அதனால் வந்த பட்டப்பெயர். நான்கு நாள் கழித்து ஒரு படுக்கையறையில் செங்குத்துக் கோடு போட்ட தாளை ஒட்டினார். கோடு நெளிந்து தெரிந்தது.

"சுவர் கோணல்," என்றார்.

கூடவே வேலை செய்யும் மனைவி, குண்டு கட்டிய நூலைத் தொங்கவிட்டாள். "இது?"

"அதுவும் வளைஞ்சிருக்கு."

"குண்டு கட்டின நூல் எங்கேயாவது வளையுமா? கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு!"

டாக்டரம்மா கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "விழித்திரை கிழிஞ்சு, உரிஞ்சு வந்திருக்கு. ஏன் இவ்வளவு தாமதம்?"

பசைக்காரர் திருப்பிக் கேட்டார்: "இத்தனை நாள் எந்தப் பசையில ஒட்டியிருந்துச்சு?"

"பசைன்னு சொல்ற மாதிரி ஒண்ணுமில்லீங்க ஐயா. பின்னாடி இருக்கிற அடுக்கு ஓயாம தண்ணியை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். அந்த இழுப்புலதான் நிக்குது. இப்ப கிழிசல் வழியா தண்ணி புகுந்துடுச்சு. பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது."

பசையின் ஈரத்தைக் குடிக்கிற சுவர்களை வாழ்நாளெல்லாம் திட்டியவர், வலக்கண்ணை மூடி, இமையை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

அறுவையில் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்தார்கள்.

"குமிழியா? தாளுக்குள்ள குமிழி விட்டா என் பேரே கெட்டுடுமே!"

"இது உள்ளேயிருந்து அழுத்துற உருளை," என்றார் டாக்டரம்மா. "ஒரு வாரம் குப்புறப் படுங்க."

மகள் தினமும் போனில் கூப்பிட்டாள்.

"என்னன்னு சொல்ல?" என்றாள் மனைவி.

"வேலை, தலை நிமிர முடியலைன்னு சொல்லு. பொய்யில்லையே."

தரையைப் பார்த்தபடி யோசித்தார். ஒருமுறை அழுத்தி ஒட்டினால் தீர்ந்தது என்றுதான் இதுவரை நினைத்திருந்தார். உள்ளே ஏதோ ஒன்று இந்த நிமிடமும் இழுத்துக்கொண்டிருக்கிறது, கேட்பாரில்லாமல். மறுநாள் மகள் கூப்பிட்டதும், குப்புறப் படுத்தபடியே போனைத் தானே காதில் வைத்துக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்து ஒரு படமும் செய்தியும் வந்தன.

"அப்பா! அம்மா எல்லாத்தையும் உளறிட்டாங்க. சண்டை அப்புறம். இது நானே தாள் ஒட்டின சுவர். மூணு குமிழி இருக்கு. இடது கண்ணைப் பொத்திக்கிட்டு எங்கேன்னு சொல்லுங்க."

பொத்தினார். கோடுகள் இன்னும் லேசாக நெளிந்தன. வெகுநேரம் பார்த்துவிட்டுத் தட்டினார்:

"நாலு. ஸ்விட்ச்சுக்குக் கீழ இருக்கிறதை நீ பார்க்கலை."