துண்டால் கட்டிய தங்கை

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்குப் போனவன் நான். நாலாவது படிக்கும் தங்கை செல்வி, பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். நடிக்கிறாள் என்றே நினைத்தேன்.

அன்று அவளைப் பைக்கில் பின்னால் உட்கார வைத்து, ஓடிவிடாதபடி துண்டால் என் இடுப்போடு கட்டித் திண்டிவனத்தில் இருக்கும் பள்ளிக்குப் புறப்பட்டேன்.

"மூச்சு முட்டுதுண்ணா, நிறுத்துண்ணா!"

"சீன் போட்டுக்கினு வராத. கம்முனு உக்காரு" என்றேன்.

பள்ளி கேட் தெரிந்ததும் அவள் திமிறியதில் துண்டு தளர்ந்தது. ஓடும் வண்டியிலிருந்து நழுவிக் குதித்து ரோட்டில் விழுந்தாள். பின்னால் வந்த டவுன் பஸ், அவள் தலைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. வண்டியைப் போட்டுவிட்டு ஓடி அவளைத் தூக்கினேன். முழங்கையில் ரத்தம் வழிய, "ஸ்கூலு வேணாண்ணா" என்றுதான் சொன்னாள்.

விழுப்புரத்தில் மனநல டாக்டரிடம் காட்டினோம். "நடிப்பு இல்லப்பா, நெஜமான பயம்" என்றார்.

இப்போது துண்டு கிடையாது. கேட்டுக்கு முன்பே வண்டியை நிறுத்தி, "இன்னிக்கு எதுவரிக்கும் போலாம்?" என்று அவளையே கேட்கிறேன். நேற்று வகுப்பு வாசல்வரை வந்தாள், என் சட்டையை இறுக்கிப் பிடித்தபடி.