அவன் முறைக்கு விழாத ஆறு

தெருவில் அவளுக்கு லிப்ட்டக்கா என்று பெயர். லிப்ட் கம்பெனியில் வேலை. எந்த மாடியில் நிற்க வேண்டும், எப்போது கதவைத் திறக்க வேண்டும் என்று லிப்ட்டுக்குச் சொல்லும் போர்டுகளைப் பழுது பார்ப்பாள். "எங்களையும் கொஞ்சம் மேல ஏத்திவிடேன் லிப்ட்டக்கா" என்று மளிகைக்கடைக்காரர் பார்க்கும்போதெல்லாம் அதே பாட்டைப் பாடுவார். அவளும் சலிக்காமல், "கயிறு அறுந்தா நான் பொறுப்பில்லண்ணே" என்பாள். அவ்வளவு லேசாகச் சிரிக்கிறவள்தான். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் வேறு ஆள்.

வீட்டில் தம்பி இருந்தான். கல்லூரிக் கடைசி வருஷத்தில் பைக்கிலிருந்து விழுந்தவன். கழுத்துக்குக் கீழே வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் அசைந்தது. அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பகலில் ஒரு நர்ஸம்மா வருவார். மற்ற நேரமெல்லாம் அக்காதான்.

படிக்கிற காலத்தில் வாங்கிய கால்குலேட்டர் ஒன்று அவனிடம் இருந்தது. திரையில் வரைபடம் போட்டுக் காட்டும் பெரிய ரகம். அதன் சிப்புக்கு நேரடியாகப் புரிகிற அசெம்பிளி மொழியை அக்காவும் தம்பியும் ஒரே புத்தகத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டே கற்றிருந்தார்கள். அந்தக் கால்குலேட்டரை ஒரு பலகையில் கட்டி அவன் விரலுக்குக் கீழே வைத்து, அதில் ஒரு பகடை ஆட்டம் எழுதிக் கொடுத்தாள். ஆளுக்குப் பத்து முறை உருட்ட வேண்டும். கூட்டினால் யாருக்கு அதிகமோ அவருக்கு ஜெயம்.

எழுதுவதென்ன லேசா? அந்தப் பெட்டிக்குக் கூட்டத் தெரியும், பெருக்கத் தெரியும். 'வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லு' என்றால் மட்டும் திருதிருவென்று விழிக்கும். ஒரு எண்ணைக் கொடுத்து, ஐந்தால் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, அளவுக்கு மேல் போனதை வெட்டி, வந்ததையே மறுபடி உள்ளே தள்ளி அடுத்த எண்ணை வரவழைக்க வேண்டும். பார்க்கத் தாறுமாறாக இருக்கும். ஆனால் ஒரே எண்ணில் தொடங்கினால் ஒரே வரிசைதான் வரும். தம்பி அதை முதல் வாரமே பிடித்துவிட்டான்.

"அக்கா, ஆன் பண்ணதும் மூணு, ஒண்ணு, அஞ்சு. நேத்தும் இதேதான். இது பகடையா, வாய்ப்பாடா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். சிப்புக்குள் ஒரு எண்ணிக்கை ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். விரல் பொத்தானைத் தொடும் நொடியில் அது எங்கே நிற்கிறதோ, அங்கிருந்து தொடங்கு என்று மாற்றி எழுதினாள். அதற்குப் பிறகு என்ன விழும் என்று எழுதியவளுக்கே தெரியாது. அதிர்ஷ்டம் பெட்டிக்குள் இல்லை, அவனுடைய விரலில் இருந்தது.

அப்போதுதான் கம்பெனி அவளைத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டது. வேறு ஊர், பெரிய பதவி. தம்பி ஒற்றைக் காலில் நின்றான் என்று சொல்ல முடியாது, பாவம். ஆனால் பிடிவாதத்தில் அப்படித்தான்.

"நீ போக்கா. என்னைக் காப்பகத்துல விடு. அங்க டாக்டர் இருக்காங்க, மெஷின் இருக்கு."

"வாயை மூடுடா."

"சரி, ஆடிப் பாத்துடலாம். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஒரு ஆட்டம். நான் ஜெயிச்சா நீ கிளம்பிடணும். பேச்சு மாறக் கூடாது."

மாட்டேன் என்றால் அழுவான். அழுதால் துடைக்கக்கூட அவனுக்குக் கை வராது. அவள் தலையாட்டினாள். ஆட்டிவிட்டு, அவன் தூங்கும்போது கால்குலேட்டரை எடுத்து இரண்டு வரி சேர்த்தாள்: தம்பியின் முறைக்கு ஆறு விழுந்தால் காட்டாதே, மறுபடி உருட்டு. கூடப் பிறந்தவனையே ஏமாற்றுகிறோமே என்று கை கூசியது. ஆனாலும் சேர்த்தாள்.

ஞாயிறுதோறும் அவன் தோற்றான். "உன் பகடைக்கு உன்மேலதான் பாசம்க்கா" என்று சிரிப்பான். அடுத்த வாரம் பார்க்கலாம் என்பான். ஜெயிக்கவே விடாமல் ஆசை காட்டுகிறோமே என்று அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

மழைக்காலத்தில் அவனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "காப்பகத்துல இருந்திருந்தா சளியை உறிஞ்சுற மெஷின் பக்கத்துலயே இருந்திருக்கும்மா" என்று டாக்டர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷர்தான், ஆனால் அந்தச் சொல்லை விழுங்கிவைத்திருக்கக் கூடாதா? இரண்டு வரி எழுதித் தம்பியைக் கொன்றுவிட்டேன் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. மளிகைக்கடைக்காரரின் பழைய பாட்டுக்குப் பதில் வராமல் போயிற்று.

வருஷங்கள் கழித்துச் சித்தி மகள் கல்லூரியில் சேர்ந்தாள். அந்தக் கால்குலேட்டர் சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டாள். கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, தன் திருட்டை அழித்துவிட்டுக் கொடுப்போம் என்று லிப்ட்டக்கா அதைத் திறந்தாள். பேட்டரி செத்தாலும் எழுதியது அழியாத ரகம் அது; புது பேட்டரி போட்டதும் எண்ணும் எழுத்துமாகக் கட்டளைகள் திரையில் ஏறின. அவளுடைய இரண்டு வரிகள் இருந்தன. அவற்றுக்குக் கீழே, பின்னால் எதற்காவது ஆகட்டும் என்று அவள் காலியாக விட்டிருந்த இடத்தில், இன்னும் இரண்டு வரிகள் இருந்தன.

அவை அவள் எழுதியவை இல்லை. விரலை வைத்துப் படித்தாள். அக்காவின் முறைக்கு ஒன்று விழுந்தால் காட்டாதே, மறுபடி உருட்டு.

அவள் வேலைக்குப் போன பகல்களில், நர்ஸம்மாவைப் பலகையை நகர்த்தி நகர்த்தி வைக்கச் சொல்லி, ஒற்றை விரலால், ஒவ்வொரு பொத்தானாகத் தேடி அழுத்தியிருக்கிறான். அவளுடைய திருட்டைப் பார்த்திருக்கிறான், தொடவில்லை. அது போதாது என்று தானும் ஒன்று சேர்த்திருக்கிறான். எங்கே ஜெயித்துத் தொலைத்துவிடுவோமோ என்று அவ்வளவு பயம் அவனுக்கு.

"படுபாவி," என்றாள் வெற்று அறையில். "போகாதக்கான்னு ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமேடா. நானும் போக மாட்டேன்னு சொல்லியிருப்பேனே. ரெண்டு பேரும் இப்படித் திருட்டு ஆட்டம் ஆடியிருக்கோமேடா." சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகை வந்தது, பிறகு நெடுநேரம் அழுகை மட்டுமே வந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தன் வரிகளை அழித்தாள். அவனுடையதை அழிக்க மனம் வரவில்லை. வேறு வாங்கித் தருகிறேன் என்று சித்தி மகளுக்குப் போன் செய்தாள். பலகையை மடியில் வைத்து, இரண்டு பேருக்குமாக அவளே உருட்டினாள். அவன் முறைக்கு ஆறு விழுந்தது. மறுபடியும் ஆறு விழுந்தது.

அவளுக்காக அவன் வைத்த திருட்டு உள்ளே இருந்தும், அந்த ஆட்டத்தில் தம்பிதான் ஜெயித்தான்.



"சரிடா, ஜெயிச்சுட்ட. பேச்சு மாறல. கிளம்பணும், அவ்வளவுதானே?" என்றாள். "இனிமே நான் எங்கடா கிளம்புறது?"