கமால் பாய் விற்காத ஏசி

குடவாசல் கமால் பாய் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் ஒரத்தநாட்டு மாட்டு டாக்டர். காலையில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "சார், நம்ம பாய் மவுத்தாயிட்டாரு. மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம்" என்றார். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாய் இனி இல்லை என்பது உறைத்த கையோடு இன்னொன்றும் உறைத்தது. பக்கத்து ஊரில் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது ஒரத்தநாட்டுக்காரருக்கு எப்படி முதலில் தெரிந்தது? அதென்ன 'நம்ம' பாய்? உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, துக்கத்தோடு சேர்ந்தே எனக்கு வயிறும் எரிந்தது.

பாய் துபாயிலிருந்து திரும்பி வந்து கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்தவர். அவரிடம் ஒரு வெள்ளை காண்டசா கார். என்னிடமும் அதே வெள்ளை காண்டசா. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அந்தப் பழைய வண்டிகள் இரண்டில் ஒன்றுதான் ஊர்வலத்தில் போகும். பெரும்பாலும் அவருடையதுதான் போகும். காரணம், ஏசி. அவர் வண்டியில் ஏறினால் சித்திரை வெயிலிலும் மாப்பிள்ளையின் சந்தனம் வேர்வையில் வழியாது.

ஒரு தடவை எனக்கும் வாய்ப்பு வந்தது. வண்டியைத் துடைத்துப் பூ கட்டி, மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு, பாய்க்குக் காட்டவென்றே அவர் கடை வாசலில் வண்டியை நிறுத்தி ஏசியைப் போட்டேன். என் கார் நிற்பது நெல் மூட்டை அடுக்கியிருக்கும் கொட்டகையில். சம்பா அறுவடையிலிருந்து எலிகள் ஏசிக்குள் குடித்தனம் நடத்தியிருக்கின்றன. ப்ளோயர் சுற்றியதும் பதரும் உமியும் பிய்ந்த சாக்கு நாருமாக மாப்பிள்ளையின் கோட்டு மேல் கொட்டின. பெண் வீட்டார் முன்னால் என் மானம் கப்பலேறியது. பாய் கடையை விட்டு இறங்கி வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்; என்னையும் அவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார். "என்ன மாப்ள, தாலி கட்டுறதுக்குள்ள அட்சதை போட்டுட்டீங்க?" அன்றைக்கு மாப்பிள்ளை இறங்கிப் போய் ஏறியது பாயின் காரில்.

என் ஏசி அதோடு சரி. கூலிங் காயிலில் ஓட்டை, மாற்றுச் சாமான் எங்கும் கிடைக்காது என்று மெக்கானிக் கழற்றிப் போட்டுவிட்டார். பிறகு ஒரு மழைக்காலத்தில் பாயின் வீட்டு வாசலில் வெள்ளம் நின்று, அவர் காரின் அடித்தளமே துருப்பிடித்து உளுத்துப்போனது. வண்டி காயலான் கடைக்குப் போனது. ஆனால் ஏசியை மட்டும் பாகம் பாகமாகக் கழற்றி, பழைய கைலியில் சுற்றிக் கடையில் வைத்துக்கொண்டார். இனி அது எனக்குத்தான் என்று சந்தோஷமாகப் போய் விலை கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன் மாப்ள. அடுத்த ஞாயித்துக்கெழமை வாங்களேன்" என்றார்.

அந்த அடுத்த ஞாயிறு வருடக்கணக்காக நீண்டது. நான் போவேன். டீ வரும், சமோசா வரும். கைலியைப் பிரித்து கம்ப்ரஸரின் தண்டைக் கையால் சுற்றிவிடுவார். சுற்றாமல் வைத்தால் உள்ளே சீல் காய்ந்துவிடுமாம். "பாருங்க, புதுசாட்டம் சுத்துது" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் அவரே கேட்டார், "உண்மையச் சொல்லுங்க, வித்துடலாமா?" சும்மா கிடந்து என்ன ஆகப்போகிறது, கொடுத்துவிடுங்கள் என்றேன். பாய் டீயைக் கீழே வைத்தார். "உங்ககிட்ட ஏசி இல்லாத காரு இருக்கு. எங்கிட்ட காரு இல்லாத ஏசி இருக்கு. வித்துட்டா உங்களுக்கு ரெண்டும் ஆச்சு. எனக்கு என்ன மாப்ள இருக்கும்?" நான் இன்னொரு சமோசாவை எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால், என் நாற்காலியில் டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். அவரும் காண்டசாக்காரராம், அவரும் அந்த ஏசியைத்தான் கேட்க வந்தாராம். அதுகூடப் பரவாயில்லை. கம்ப்ரஸரைச் சுற்றிக்கொண்டிருந்தது அவர் கை! இத்தனை வருடத்தில் பாய் என்னை அதைத் தொடவிட்டதில்லை. அன்றைக்கு நான் சமோசாவைத் தொடவில்லை. பாய் அதைக் கவனித்துச் சிரித்தார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து பாயின் மனைவி ஜமீலா அக்கா கூப்பிட்டு அனுப்பினார். கணவர் மறைந்தபின் வெளியாட்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் அக்கா இருந்ததால் கதவுக்குப் பின்னாலிருந்துதான் பேசினார். "தம்பி, அந்த மூட்டைய எடுத்துக்கிட்டுப் போங்க. விக்கிறதோ வச்சுக்கிறதோ, நீங்களே முடிவு பண்ணிக்கங்க. குடுத்துத் தொலைங்களேன்னு நானும் எத்தனையோ தடவ சொன்னேன். 'குடுத்துட்டா அப்புறம் எதுக்கு வருவாரு ஜமீலா?'ன்னுட்டாங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இருந்தும் வாய் சும்மா இருக்கிறதா? "என்னையாக்கா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "உங்க ரெண்டு பேரையுந்தான் தம்பி."

வந்த அழுகை பாதியில் நின்றது. வீட்டுக்கு வந்து மூட்டையைப் பிரித்தேன். எல்லாம் இருந்தது, குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தவிர. போன் செய்து கேட்டால், "அது டாக்டர் தம்பிக்குன்னு போன மாசமே குடுத்துட்டாங்களே" என்கிறார் அக்கா. வேறு திருகு போட்டாலும் ஏசி ஓடும்தான். ஆனால் பாயின் ஏசியில் வேறு எவனுடைய திருகையோ வைப்பேனா?

போன ஞாயிற்றுக்கிழமை டாக்டர் ஒரத்தநாட்டிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். வேர்த்து வழிந்தது. மூட்டையைப் பார்த்துக்கொண்டே, "விக்கிறதா உத்தேசமா சார்?" என்றார்.

"நீங்க அந்தத் திருகைத் தருவீங்களா?"

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பாவி மனுஷன், அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். பையை ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு, பாயின் அதே இழுப்போடு, "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

நான் சொல்ல வைத்திருந்த வார்த்தை அது. அதையும் முந்திக்கொண்டார். பாய் எனக்கென்று விட்டுப்போனது திருகு இல்லாத ஒரு ஏசியும், திருகை வைத்திருக்கும் இந்த ஆளும்தான். கைலியைப் பிரித்து, அவர் கை நீட்டுவதற்குள் கம்ப்ரஸரை நானே ஒரு சுற்றுச் சுற்றினேன். புதுசு போலத்தான் சுற்றியது. உள்ளே திரும்பி, டாக்டருக்கும் சேர்த்து டீ போடச் சொன்னேன்.