குழாய் வாயில் முளைப்பாரி

"ஓடிப்போனாருன்னு இன்னொரு தடவ சொன்னா இந்த வாளித் தண்ணிய ஒன் தலையிலதான் ஊத்துவேன்! பரஞ்சோதி அண்ணன் ஓடல. நடந்துதான் போனாரு."

கிணற்றடியில் குணவதி கத்தியதும் காளியம்மா சிரித்தாள்.

"நடந்தாரோ, ஓடுனாரோ, சப்பான்காரன் சோத்துக்குத்தான போனாரு, லா. அம்மன் முளைப்பாரிய ஒதச்சுத் தள்ளுன ஆளுதான!"

"ஒதைக்கல. கும்பிட்டுட்டுக் கையாலதான் எடுத்தாரு."

"ஒனக்கெப்படித் தெரியும்?"

குணவதி வாளியைக் கீழே வைத்தாள். இத்தனை மாதம் மூடியிருந்த வாயை அன்றுதான் திறந்தாள்.

பரஞ்சோதி ரப்பர் தோட்டத்தில் கான் வெட்டித் தண்ணீர் வடியவிடுகிறவர், ஒண்டியாள். தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து வெளியே போக ஒரே செம்மண் பாதை. அது ஓடையைத் தாண்டும் இடத்தில், அடியில் ஒரு சிமெண்டுக் குழாய். சப்பான்காரன் ரப்பர் மரங்களை வெட்டி மரவள்ளி நடச் சொன்னதிலிருந்து, கிளையும் குச்சியும் மிதந்து வந்து குழாய் வாயில் சிக்கின. தினமும் காலையில் பரஞ்சோதி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி இழுத்துப் போடுவார். அந்த வழியே போகும் குணவதியிடம் சொல்வார்:

"வாய அடச்சா தண்ணி சும்மா நிக்காது தங்கச்சி. பக்கத்து மண்ணத் தின்னுட்டுப் போயிரும். மேல பாத்தா பாத நல்லாத்தான் இருக்கும். உள்ள பொந்து."

அந்த வருஷம் திருவிழா முளைப்பாரியைப் பெரிய ஆற்றுக்குக் கொண்டுபோக, வழியில் சப்பான்காரன் நிற்பான் என்று யாருக்கும் துணிவில்லை, ஓடையிலேயே விட்டார்கள். சட்டியும் பயிரும் வாழைமட்டையும் போய்க் குழாயை அடைத்தன. பரஞ்சோதி எல்லாவற்றையும் எடுத்துக் கரையில் வைத்தார்.

வெயிலில் வாடிய பாரியைப் பார்க்கக் குணவதிக்குப் பொறுக்கவில்லை. காய்ச்சலில் கிடந்த மகளுக்காக வேண்டி அவள் வளர்த்தது அது. அம்மனைக் கரையில் காயவிட்டால் பிள்ளை பிழைக்குமா? அத்தனையையும் வாரி மறுபடி தண்ணீரில் விட்டாள்.

அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் குழாய் அப்படியே கிடக்கிறது, இரண்டு பக்கத்து மண்ணும் இல்லை. மேலே மிச்சமிருந்த பாதையை நம்பி வந்த சப்பான் லாரி, முன்சக்கரம் இறங்கிக் கவிழ்ந்தது.

தோட்டத்தில் வேலை வாங்கும் தண்டல் மணியம் லயத்துக்கு ஓடி வந்தார்.

"பாதையக் கெடுத்தது யாருன்னு கேக்குறானுங்க. ஆளக் காட்டலன்னா வீட்டுக்கு ஒருத்தரு சயாமுக்கு ரயில் பாத போடப் போகணுமாம். போனவன் எவன் திரும்புனான்!"

குணவதி பரஞ்சோதி வீட்டு வாசலுக்கு ஓடினாள். "அண்ணே, நான்தான் திரும்ப…"

"தெரியும். நேத்து மழையிலயே பாத்தேன், எறங்க முடியாத வெள்ளம்." அவர் அவித்த மரவள்ளியைத் துணியில் முடிந்துகொண்டிருந்தார். "நீ போனா அந்தப் பிள்ளைக்குக் கஞ்சி யாரு ஊத்துவா? ஒன் வாய மூடிக்க. குழாய் வாய மட்டும் தொறந்து வையி."

கொக்கிக் கழியை அவள் கையில் கொடுத்துவிட்டு வாசற்படி இறங்கினார். ஓடவில்லை. உடைந்த இடத்தில் குனிந்து, குழாயில் செருகியிருந்த ஒரு மரவள்ளிக் குச்சியை உருவிக் கரையில் எறிந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் கவிழ்ந்த லாரியருகே நின்ற சப்பான்காரர்களிடம் நடந்து போனார்.