வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தவர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை ஏழே கால். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. மூன்று மாதமாக நான் தைலம் தேய்த்து, மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்துவந்த கால்கள். ராஜபாளையத்திலிருந்து கார் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

அந்த வார்டு ஆயா நீலச் சேலையைத் தூக்கிச் செருகியிருப்பார். பெட்பேனை எடுக்கும்போது மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் கொட்டுவார்.

அன்று என் மகளின் பெட்பேனைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏட்டி, எம்புட்டு நாளா ரத்தம் போவுது?"

மகள் போர்வைக்குள் முகத்தை மறைத்தாள். "மூணு மாசமா."

"அம்மாட்ட சொல்லலையா?"

"வெக்கமா இருந்துச்சு. அம்மா காலப் பத்தி மட்டுந்தான் கேட்டாங்க."

தானே கழிப்பறைக்கு நடக்க முடிந்தவரை மறைத்திருக்கிறாள்.

ரத்தம் போகும் செய்தி நர்ஸ் மூலம் எட்டி, மதியம் பெரிய டாக்டர் வந்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"நோய் குடல்ல இருக்கும்மா. அந்த அழற்சிதான் மூட்டையும் வீங்க வச்சிருக்கு. வலி மாத்திரை அதை இன்னும் கெடுத்திருக்கும். குடல் ஆறினா நடந்துருவா."

பிறகு கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "இதுல வயித்தப் பத்தி ஒரு வரிகூட இல்லையே. ரத்தம் போறத யாரும்மா கேட்டது?"

"நான் இல்ல, டாக்டர்" என்றேன்.